எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன்: "தொடாதே" என்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வேளிமலை_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கல்குளம் வட்டத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அடுத்த மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கும், கன்னியாகுமரியில் காந்தி மண்டபம் பக்கம் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போகத் திட்டம். நேரம் கிடைத்தால் சமணச் சிற்பங்கள் இருக்கிற சிதறால் மலைக்கும் போகலாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார்.

போன வருஷம் வேறொரு மாவட்டத்தில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். நாணயம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி மேல் ஒரு பிள்ளை விரலை வைத்துப் பக்கத்தில் நின்றவளுக்குக் காட்டினாள். அங்கே இருந்தவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை அதன் பிறகு உள்ளே வரவே இல்லை, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்து எழுதச் சொன்ன கட்டுரையில் அவள் எழுதியது ஒரே வரி: "அருங்காட்சியகத்தில் எதுவும் செய்யக் கூடாது." ராஜராஜன் காசு, ரோமானியக் காசு என்று எவ்வளவோ இருந்த கூடம் அது. ஒன்றுகூட அவள் மனதில் நிற்கவில்லை.

விதிகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏன் இந்த விதி என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கே பல விஷயங்களுக்குக் காரணம் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே தொட்டால்கூட ஏன் தப்பு? படம் வரையலாமா? செல்போனில் போட்டோ எடுக்கலாமா? இன்னொன்றும் இருக்கிறது. போன முறை இரண்டு பிள்ளைகள் ஒரு அம்மன் சிலை முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தலையில் இருந்த பூவை எடுத்துச் சிலையின் காலடியில் வைத்தார்கள். அதையும் எடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் முகம் வாடிப் போனது. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நாஞ்சில்_பயணி:

டீச்சர், முதலில் மூன்று இடத்தை இரண்டாகக் குறையுங்கள். சிதறால் மார்த்தாண்டம் பக்கம், கன்னியாகுமரி எதிர்த் திசை. அரண்மனை இருக்கிற தக்கலையில் நின்று இரண்டு பக்கமும் இழுத்தால் பிள்ளைகள் பஸ்ஸிலேயே நாளைக் கழிப்பார்கள். அரண்மனை திங்கட்கிழமை கிடையாது, மற்ற நாளிலும் மதியம் கொஞ்ச நேரம் அடைப்பார்கள். அருங்காட்சியகத்தின் விடுமுறைக் கணக்கு வேறு. 1956இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில்தான் இருக்கிறது. கன்னியாகுமரியில் இருப்பது தமிழ்நாடு அரசுடையது. அதனால் டிக்கெட், விடுமுறை, கேமரா எல்லாமே இரண்டு இடத்திலும் இரண்டு விதம். போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

---

தக்கலை_பழைய_காவலர்:

டீச்சர், வணக்கம். அரசு அருங்காட்சியகம் ஒன்றில் காட்சிக்கூடக் காவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் தக்கலை பக்கம்தான். நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தப் பிள்ளையை அப்படிச் சத்தம் போட்டிருக்கவே கூடாது. ஒரு கூடத்துக்கு ஒரு ஆள், அதில் ஒரே நேரத்தில் மூன்று பள்ளிக்கூடம் என்றால் தொண்டையால்தான் வேலை பார்க்க வேண்டிவரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், காரணத்தைக் கேட்ட பிள்ளை தொடுவதில்லை. பக்கத்தில் இருப்பவன் கை நீட்டினாலும் அவனைப் பிடித்து இழுத்துவிடும். என் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. அதனால் நீங்கள் வகுப்பில் சொல்லப் போகிறேன் என்பது ரொம்பச் சரி. எனக்குத் தெரிந்த காரணங்களை எழுதுகிறேன்.

செம்பு, வெண்கலச் சிலைகளில் இருந்து தொடங்குங்கள், பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடும். நம் விரலில் எப்போதும் கொஞ்சம் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். வியர்வை என்றால் உப்பு. உப்பில் இருக்கிற குளோரைடு செம்புக் கலவையோடு சேர்ந்து, காற்றில் ஈரமும் இருந்துவிட்டால், அரிப்பு தொடங்கும். வெளிர்பச்சையாகப் பொடி பூக்கும். தட்டிவிட்டால் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. அது உள்ளே உள்ளே தின்றுகொண்டே போகும். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். உங்கள் வகுப்பில் குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே எழுப்பிக் கேளுங்கள்: வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குகிறது? கடல் காற்றில் வருகிற உப்பு இரும்பை என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதே உப்பு நம் விரல் நுனியிலும் இருக்கிறது. கன்னியாகுமரி அருங்காட்சியகம் கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே நின்று இதைச் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும்.

இப்படி நோய் பிடித்த சிலைகளுக்கு வைத்தியம் பார்க்க சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தனி ஆய்வுக்கூடமே இருக்கிறது. 1930களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே கரைசலில் சிலையை வைத்து மின்சாரம் செலுத்தி அரிப்பை நீக்கும் முறையைக் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் சித்தன்னவாசல் ஓவியங்களையும் எப்படி வரைந்தார்கள் என்று ஆராய்ந்தவரும் அவர்தான். அறிவியல் டீச்சர் கூட வந்தால் இதை அவர் இன்னும் அழகாகச் சொல்வார்.

"நான் ஒருத்தன் தொட்டால் என்ன ஆகிவிடும்?" என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். நல்ல கேள்வி. அவன் ஒருத்தன் தொட்டால் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் ஆகாதுதான். வகுப்பில் 40 பேர், அன்றைக்கு இன்னும் ஒன்பது பள்ளி வருகிறது, எல்லோரும் ஒரே யானையின் தும்பிக்கையைத்தான் தடவுவார்கள் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 400 கை. மரச் சிற்பத்தில் மூக்கும் முழங்காலும் மட்டும் கறுத்து வழவழவென்று இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கண்ணாடிப் பெட்டி விஷயம் வேறு. விரல் ரேகையும் எண்ணெயும் படிந்தால் அடுத்தவருக்கு உள்ளே தெரியாது. சாய்ந்தால் பெட்டி ஆடும், உள்ளே நிறுத்தி வைத்த சின்னப் பொருள் சரியும். அது அவ்வளவுதான். சத்தம் போட வேண்டிய குற்றமே இல்லை, "கொஞ்சம் தள்ளி நின்னு பாரு மக்களே" என்றால் போதும்.

இனி அந்தப் பூ விஷயம். நீங்கள் கேட்டதிலேயே இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

என் பொறுப்பில் இருந்த கூடத்தில் ஒரு கல் பிள்ளையார் இருந்தார். வயல் உழும்போது கிடைத்தவர், ஒரு கை பின்னமாகி இருக்கும். அவர் காலடியில் தினமும் காசு விழும். அருகம்புல் வைப்பார்கள். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பாட்டி கற்பூரம் ஏற்றவே தீப்பெட்டியை எடுத்துவிட்டார். இதில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சாமியைப் பார்த்தால் கும்பிடுவது என்பது நம் ஜனங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அந்த ஜனங்களிடம் "இது சாமி இல்லை, பொருள்" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. கை கூப்புவதால் கல்லுக்கு எந்தச் சேதமும் வராது. உங்கள் பிள்ளைகள் கும்பிட்டால் தாராளமாகக் கும்பிடட்டும். யாராவது தடுத்தால் நீங்கள் பிள்ளைகள் பக்கம் நில்லுங்கள்.

பூ, குங்குமம், எண்ணெய், விபூதி மட்டும் கூடாது. கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. குங்குமச் சாயமும் எண்ணெயும் அதற்குள் இறங்கினால் முழுசாக வெளியே வராது. தேய்த்தால் கல்லின் மேல்தோல் போகும். காவலருக்கு அதைத் துடைக்கிற அதிகாரம்கூடக் கிடையாது, ஆய்வுக்கூடத்தில் இருந்து ஆள் வர வேண்டும். பூ அழுகினால் ஈரம், பூச்சி. காசைத் தூக்கிப் போட்டால் கல்லிலே கீறல்.

"கோயிலில் தினமும் எண்ணெய் சாத்துகிறார்களே" என்று கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் காப்பாட்சியர், அதாவது அருங்காட்சியகப் பொறுப்பாளர், ஒருவர் சொன்ன பதிலையே நான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். கோயிலில் இருக்கிற மூர்த்திக்குப் பூசை செய்ய ஆள் உண்டு, முறை உண்டு, குடமுழுக்கு உண்டு. அங்கே வழிபாடுதான் அந்தக் கல்லின் வாழ்க்கை. இங்கே வந்து சேர்ந்தவர் கோயில் இடிந்து, வயலிலும் குளத்திலும் கிடந்து, ஊர் பெயர்கூடத் தொலைந்து வந்தவர். எந்தக் காலம், எந்தச் சிற்பி மரபு என்று சொல்ல மிச்சம் இருப்பது அந்த உளித் தடம் மட்டும்தான். ஆடை மடிப்பில் ஒரு கோடு, காதணியில் ஒரு வளைவு, அதை வைத்துத்தான் நூற்றாண்டு சொல்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதை மூடிவிட்டால் அவர் ஊரில்லாதவராகவே இருந்துவிடுவார். இதைச் சொன்னதும் ஒரு அம்மா தான் வைத்த பூவைத் தானே எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோப்பா" என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் பிள்ளைகளுக்கும் இது புரியும்.

அரண்மனைக்கு வருவோம். அங்கே காட்சிப் பொருள் என்பது பெட்டிக்குள் இல்லை, கட்டடமே காட்சிப் பொருள். நடக்கிற தரை, பிடிக்கிற கைப்பிடி, தலைக்கு மேல் இருக்கிற உத்தரம் எல்லாமே. செருப்பை வெளியே விடச் சொல்வதற்குக் காரணம் அந்தக் கறுப்புத் தரை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெருகேற்றியது என்று சொல்வார்கள். நவராத்திரி மண்டபத்தில் குனிந்தால் முகம் தெரியும். செருப்பின் அடியில் ஒட்டிய மணல் துகள் ஒன்று போதும் கீறல் விழ. அப்புறம் அந்தத் தரை போட்ட பக்குவத்தை இன்றைக்குத் திரும்பக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. சாக்ஸோடு நடந்தால் வழுக்கும், அதையும் கழற்றச் சொல்லுங்கள்.

தின்பண்டம் பஸ்ஸிலேயே இருக்கட்டும். ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு ஒரு துண்டு மரத் தரையின் இடுக்கில் விழுந்தால் எறும்பு வரும், கரப்பான் வரும், எலி வரும். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் விதவிதமான பூக்கள் மரத்தில் செதுக்கியிருக்கிறது, தாய்க்கொட்டாரத்தில் பலா மரத் தூண் ஒன்று முழுக்க வேலைப்பாடு. பெரும்பாலும் மரத்தால் ஆன இடத்துக்குப் பூச்சியும் எலியும்தான் பெரிய எதிரி. முதுகுப் பையும் வேண்டாம். பையை மாட்டியவனுக்குத் தன் பின்னால் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று தெரியாது, சட்டென்று திரும்புவான். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பக்கம் மாட்டட்டும். படிகள் செங்குத்து, வாசல்கள் தாழ்வு. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு டீச்சர் என்று போங்கள்.

உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவர் முழுக்க ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. பிள்ளைகள் "ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்" என்று கேட்பார்கள். பிரான்சில் லாஸ்கோ குகையைச் சொல்லுங்கள். 1940இல் கண்டுபிடித்தார்கள், 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள், தினம் ஆயிரத்துக்கு மேல் ஜனம். ஒருவரும் தொடவில்லை, கிறுக்கவில்லை. மூச்சுக் காற்றும் உடம்புச் சூடும் ஈரமும் மட்டுமே போதுமாக இருந்தது, சுவரில் பாசி பிடிக்க. 1963இல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு வருகிறவர்கள் பக்கத்தில் கட்டிய நகலைத்தான் பார்க்கிறார்கள். பல ஆயிரம் வருஷம் தாங்கிய ஓவியம் பதினைந்து வருஷத்தில் அந்த நிலைமைக்கு வந்தது.

படம் வரையலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வரையச் சொல்லுங்கள். பென்சில் மட்டும். பேனா, ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை தெறித்தால் போகாது. தாளை மடியிலோ அட்டையிலோ வைத்து வரையட்டும், பெட்டி மேல் வைக்கக் கூடாது. கையில் பென்சில் இருக்கிற பிள்ளை சிலையைத் தொடுவதில்லை, ஓடுவதும் இல்லை. ஒருவருக்கு ஒரு பொருள் என்று கொடுத்துப் பாருங்கள்.

சிதறாலை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டாலும் போகாமல் விடாதீர்கள். பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. குணந்தாங்கி குரத்தி என்கிற சமணப் பெண் ஆசிரியர் பகவதிக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிற கல்வெட்டு. ஒரு டீச்சரின் பெயரை ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து நாம் படிக்க முடிகிறது. இந்த மாதிரிப் பாறைகளில்தான் வருகிறவன் போகிறவன் எல்லாம் தன் பெயரையும் காதலி பெயரையும் கீறுகிறான். எனக்கு இதைவிடக் கோபம் வருகிற விஷயம் வேறு இல்லை. சிதறால் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1958ஆம் வருஷச் சட்டப்படி அங்கே சிதைத்தால், கிறுக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2010இல் திருத்தி இப்படிக் கூட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம், குரத்தியின் கதையைச் சொல்லிவிட்டுச் சட்டத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.

---

மார்த்தாண்டம்_கேமரா:

போட்டோ பற்றி நான் சொல்கிறேன். மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் 2018 முதல் போட்டோ எடுக்கத் தடை இல்லை. அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் உள் சமாதி, இந்த மூன்றும்தான் விலக்கு என்று அப்போது சொன்னார்கள். டிரைபாட் வைத்தால் தனி அனுமதி வேண்டும். அரண்மனையில் கேமராவுக்குத் தனிக் கட்டணம், கவுன்டரில் கேளுங்கள். ஃப்ளாஷை எங்கேயும் அணைத்து விடுங்கள். செல்ஃபி குச்சி கொண்டு போகவே வேண்டாம். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2015லேயே நிறுத்திவிட்டன. படம் எடுக்கப் பின்பக்கமாகவே நடந்து போகிறவனை நான் தொழிலில் தினம் பார்க்கிறேன், பின்னால் என்ன இருக்கிறது என்று அவன் பார்ப்பதே இல்லை.

ஃப்ளாஷ் பட்டால் ஓவியம் அழிந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா அண்ணாச்சி?

---

தக்கலை_பழைய_காவலர்:

தம்பி, ஒரு தடவை ஃப்ளாஷ் அடித்தால் அழிந்துவிடும் என்பது மிகை. செல்போன் ஃப்ளாஷால் வருகிற சேதம் ரொம்பச் சொற்பம் என்றே சொல்கிறார்கள். ஆனால் வெளிச்சத்தின் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்ப வராது. துணி, சுவடி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் விளக்கு வைக்கக் கூடாது என்று பொதுவான வரையறை. கூடம் மங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம், கரன்ட் மிச்சம் பிடிக்க இல்லை. இன்னொன்று, கூடத்தில் இருபது பேர் மாறி மாறி ஃப்ளாஷ் அடித்தால் சிலையை நின்று பார்க்க வந்தவர் கண்ணைத்தான் மூட வேண்டும். அதற்காகவே அணைக்கலாம்.

---

குலசேகரம்_அம்மா:

டீச்சர், ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அவனிடம் "தொடாமல் பார்" என்றால் "பார்க்காதே" என்றுதான் அர்த்தம். ஒரு அருங்காட்சியகத்தில் அவன் கையை என் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே முழுக் கூடத்தையும் சுற்றி வந்தேன். நான் பெயர்ப் பலகையைப் படிக்க, அவன் "சரிம்மா, சரிம்மா" என்றான். வெளியே வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை வேறொரு இடத்துக்குப் போவதற்கு முன்னாடியே காப்பாட்சியருக்குக் கடிதம் எழுதினேன். அவர் எங்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கினார். அவனைக் கை கழுவித் துடைக்கச் சொன்னார், வாட்சைக் கழற்றச் சொன்னார். வெளி முற்றத்தில் இருந்த ஒரு வீரக்கல்லைத் தடவிப் பார்க்க அனுமதித்தார். குதிரையின் பிடரி மயிரை விரலால் வரி வரியாக எண்ணினான். வாள் எந்தக் கையில் இருக்கிறது, குதிரையின் எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்று அவன்தான் எனக்குச் சொன்னான். வீட்டுக்கு வந்து களிமண்ணில் அதைச் செய்தும் காட்டினான்.

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் இருந்து தொட்டுப் பார்ப்பதற்கென்றே நகல்கள் வைத்த ஒரு கூடம் இருக்கிறது. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கலையை அவர்களுக்கு எட்டும்படி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் வகுப்பிலோ பக்கத்து வகுப்பிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முன்கூட்டிக் கேளுங்கள். கேட்டால் கிடைக்கிறது.

---

தக்கலை_பழைய_காவலர்:

அம்மா, உங்களுக்குப் பெரிய நன்றி. அந்தக் காப்பாட்சியர் செய்தது நூறு சதவீதம் சரி. கருங்கல் தாங்கும், சுத்தமான கை, ஆள் கூடவே நிற்கிறார், ஒரு பிள்ளை. வெண்கலத்துக்கு இதே அனுமதி கிடைக்காது, கையுறை கேட்பார்கள். ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் நாலு நகலாவது தொட்டுப் பார்க்க என்று வைக்க வேண்டும். வேலையில் இருந்தபோதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

டீச்சர், இது மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். போவதற்கு முந்தின நாள் வீட்டில் இருக்கிற பழைய சாமான் ஒவ்வொன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உருளி, கிண்டி, நாழி, பழைய பூட்டு, பனையோலைப் பெட்டி, எது கிடைத்தாலும். வகுப்பில் எல்லோரும் தொடட்டும், தூக்கட்டும், தட்டிச் சத்தம் கேட்கட்டும். கனம், குளிர்ச்சி, சொரசொரப்பு எல்லாம் கைக்குத் தெரிந்துவிட்டால் அரண்மனையில் அதன் பெரிய வடிவத்தைப் பார்க்கும்போது கண்ணாலேயே அதை உணர்வார்கள்.

---

வேளிமலை_டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிண்டியும் உருளியும் கொண்டுவரச் சொல்லிவிட்டேன், இப்போதே பிள்ளைகள் பரபரப்பாக இருக்கிறார்கள். சிதறாலைத் தனி நாளாக்கத் தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு பயம் மிச்சம் இருக்கிறது. அரண்மனையில் பெரிய பெரிய சீன ஜாடிகள் இருக்கிறதே. எல்லாம் சொல்லியும், தடுக்கி விழுந்து ஒரு பிள்ளை ஏதாவது உடைத்துவிட்டால் என்ன செய்வது?

---

தக்கலை_பழைய_காவலர்:

டீச்சர், தடுப்புக் கயிறு உள்ள இடத்தில் கயிற்றில் சாயாமல் இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். அப்படியும் நடந்துவிட்டால், முதலில் பிள்ளைக்கு அடி பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்றவர்களை அப்படியே நிற்கச் சொல்லுங்கள். துண்டுகளை யாரும் பொறுக்கக் கூடாது, ஒட்ட வைத்துப் பார்க்கவும் கூடாது. எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்பதே ஒட்டுகிறவர்களுக்கு வழிகாட்டி. ஒரு பொடித் துண்டு யார் கால் சட்டைப் பையிலாவது போனால் அதோடு போச்சு. உடனே காவலரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால்தான் பெரிய தப்பு.

2024 ஆகஸ்டில் இஸ்ரேலில் ஹைஃபா நகரத்து ஹெக்ட் அருங்காட்சியகத்தில் இது நடந்தது. 3500 வருஷப் பழைய ஜாடி. கண்ணாடி இல்லாமல் மக்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று நுழைவாயில் அருகே வைத்திருந்தார்கள். நாலு வயசுப் பையன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இழுத்தான், விழுந்து நொறுங்கியது. அவர்கள் அந்தக் குடும்பத்தைத் திட்டவில்லை. திரும்பவும் வரச் சொல்லி அழைத்துச் சுற்றிக் காட்டினார்கள், ஜாடியையும் சரி செய்தார்கள். பெரியவர்களும் உடைக்கிறார்கள். 2006இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒரு ஆள் ஷூ கயிறு தடுக்கிப் படியில் உருண்டு மூன்று சீன ஜாடிகள் மேல் விழுந்தார். அந்த ஜாடிகளையும் ஒட்டிவிட்டார்கள்.

போவதற்குப் பத்து நாள் முன்னாடியே இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், டீச்சர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவீர்கள், பென்சிலால் வரைய அனுமதி வேண்டும், சிறப்புத் தேவை உள்ள பிள்ளை இருந்தால் அதுவும். அரண்மனைக்குக் காலையில் கதவு திறந்ததும் போங்கள், சுற்றுலா வண்டிகள் வருவதற்குள் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையைப் பார்த்துவிடலாம். அங்கே ஜன்னலில் வண்ண மைக்கா வழியாக வெளிச்சம் வருகிற நேரமும் அதுதான். நானும் அன்றைக்கு வாசலுக்கு வருகிறேன், தேதி மட்டும் இங்கே போடுங்கள்.